மீன் மணக்கும் வொல்வோவும் ஸ்ட்ரீன் மலைப் பாதையும்

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நீங்கள் எந்தக் காரில் போனீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நல்ல ஞாபகம். நோர்வேயின் மேற்குக் கரையில், ஓலெசுண்ட் நகரத்தில், எங்கள் பக்கத்து ஆறு தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரே கார்தான். என் அப்பாவின் கடும் நீல வொல்வோ 240. ஸ்டேஷன் வாகன். முன்னுக்கு ஒருவர், நடுவில் மூன்று பேர், டிக்கிக்குள் விரித்து மடிக்கிற சின்னச் சீற்றில் இரண்டு பேர். அந்தச் சின்னச் சீற் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். எல்லோரிலும் நான்தான் சின்னவள், அதனால் என் இடம் அங்கேதான். ஒவ்வொரு சனியும் தமிழ்ப் பள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போனேன்.

காரில் மீன் மணக்கும். அப்பா மீன் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது இரண்டு பெட்டி கொட் மீன் கொண்டுவந்து தமிழ் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். அம்மா டிக்கியை எத்தனை தரம் சோப் போட்டுக் கழுவினாலும் மணம் போகாது. நோர்வேப் பள்ளிக்கு என்னை இறக்க வந்தால், “அங்கால, அந்த மூலையில நிப்பாட்டுங்கோ” என்பேன். ஏன் என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. மூலையில் நிப்பாட்டுவார், நான் இறங்கி நடந்து போவேன். இன்றைக்கு என் மகன் என்னையும் அதே மாதிரி மூலையில் நிப்பாட்டச் சொல்கிறான். என் காரில் மீன் மணம் கிடையாது. ஆனாலும் சொல்கிறான்.

அந்த வொல்வோ இன்னும் இருக்கிறது. 1986 ஆம் ஆண்டுக் கார். அப்பா நோர்வேக்கு வந்ததும் அதே ஆண்டுதான். “நானும் இதுவும் ஒரே பட்ச்” என்று பகிடியாகச் சொல்வார்.

இந்த வருஷம் தை மாதம் கண் வைத்தியர் அப்பாவுக்கு குளுக்கோமா கூடிவிட்டது என்றார். பக்கப் பார்வை குறைந்துபோயிருந்தது. அப்பா எங்களோடு வாதாடவில்லை. தானே போய் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். வந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் அம்மாவுக்குச் சொன்னாராம். ஒஸ்லோவில் இருக்கிற தம்பி, “அப்ப காரை வித்துப் போடுங்கோ, இப்ப நல்ல விலை போகுது” என்றான். அது உண்மைதான். எங்களுக்கு வெட்கமாக இருந்த அந்தப் பெட்டிக் காரை இப்போது நோர்வே இளம் பெடியள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 30 வயதைத் தாண்டினால் இங்கே அது பழம்பெரும் வாகனக் கணக்கு, வரியும் குறைவு. கராஜ் வாசலில் ஒரு இளைஞன் வந்து நின்று 70 ஆயிரம் குரோனர் தருகிறேன் என்று கேட்டிருக்கிறான்.

நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “விக்கிறதெண்டால் விப்பம். அதுக்கு முதல் ஒருக்கா ஸ்ட்ரீன் மலைப் பழைய றோட்டால போட்டு வருவம். நீ ஓடு. நான் பக்கத்தில இருக்கிறன்.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு குடும்பமாக நாங்கள் அந்தப் பாதையில் ஒருநாளும் போனதில்லை. அந்தப் பெயர் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

*

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வொல்வோ 240 வரிசை 1974 முதல் 1993 வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரிய உருமாற்றம் இல்லாமல் வந்தது. மொத்தம் 28 இலட்சத்துக்கு மேல். தொடக்கத்தில் ஸ்டேஷன் வாகனுக்கு 245 என்று பெயர். இரண்டாவது இலக்கம் நாலு சிலிண்டர், மூன்றாவது இலக்கம் ஐந்து கதவு. பின்னாளில் எல்லாவற்றுக்கும் 240 என்றே பெயர் வைத்தாலும் அப்பா இன்னும் “டூ ஃபோர் ஃபைவ்” என்றுதான் சொல்வார். பின் கண்ணாடி கிட்டத்தட்ட நேராக நிற்கும். அதனால் டிக்கிக்குள் கூரை மட்டும் சாமான் அடுக்கலாம். ஸ்டேஷன் வாகன் என்ற பெயரே அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் ரயில் நிலையத்தில் இருந்து ஆட்களையும் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிப்போன வண்டி. நோர்வே மொழியிலும் அதே பொருள்தான், ‘ஸ்தஷூன்ஸ்வொங்ன்’.

அப்பா முதலில் இருந்தது வடக்கே ஃபின்மார்க்கில். 80களில் வந்த எங்கள் ஆட்களில் கனபேருக்கு நோர்வே என்றால் முதலில் அந்த வடகோடி மீன் தொழிற்சாலைகள்தான். 1989 இல் அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம், எனக்கு நாலு வயது. அடுத்த வருஷம் அப்பா கடன் எடுத்து இந்தக் காரை வாங்கினார். 1991 இல் ஓலெசுண்டில் வேலை கிடைத்ததும் முழு வீட்டையும் இதற்குள் அடுக்கிக்கொண்டு தெற்கே வெளிக்கிட்டோம். 2,000 கிலோமீற்றருக்கு மேல். ஆட்டுக்கல், தையல் மெஷின், சாமிப் படங்கள், உறைப்புத்தூள் போத்தல்கள், மெத்தை. நடுச் சீற்றில் இரண்டு மூட்டைகளுக்கு இடையில் நான். நாலு நாள் ஓடினோம். அந்த நாலு நாளும் எங்களுக்கு வேறு வீடு கிடையாது, இந்தக் கார்தான்.

*

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை வெளிக்கிட்டோம். அப்பா, நான், 12 வயது மூத்தவன், 8 வயதுச் சின்னவள். அம்மா வரவில்லை. “எனக்கு அந்த வளைவுகள் ஒத்துவராது. அந்த இரும்புப் பெட்டிக்குள்ள இருந்து சத்தி எடுக்க ஏலாது” என்றுவிட்டு இடியப்பம், சம்பல், மீன் பணிஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாம் கட்டித் தந்தா. டிக்கிக்குள் இருக்கிற சின்னச் சீற்றைப் பார்த்ததும் சின்னவள் அதில்தான் இருப்பேன் என்று நின்றாள். அது இந்தக் காலத்துக்குச் சரிவராது. 135 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்கு இங்கே சிறுவர் ஆசனம் கட்டாயம். நடுச் சீற்றில் அதைப் பொருத்தி, பெல்ற்றை இழுத்துப் போட்டேன். இந்த மூன்று முனைப் பெல்ற்றை 1959 இல் வொல்வோ பொறியியலாளர் நில்ஸ் பூலின் உருவாக்கியதையும், கம்பனி அந்தக் காப்புரிமையை மற்றவர்களும் பாவிக்கத் திறந்து விட்டதையும் அப்பா பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் சின்னனாய் இருக்கும்போதும் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் இதைச் சொல்வார், தானே கண்டுபிடித்த மாதிரி.

நான் ஓடுவது மின்கார். 2024 இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் மின்கார்தான். கியர் மாற்றிப் பதினைந்து வருஷம். ஸ்டோர்டால் கடந்து லிங்க துறையில் பாதைப்படகில் ஏற்றுவதற்குள் இரண்டு தரம் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடிப்பார் என்று பார்த்தேன். இல்லை, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பழைய காருக்கு வீதியில் ஒரு மரியாதை இருக்கிறது, அந்த மரியாதை புதுக் காருக்குக் கிடைக்காது.

அக்கரையில் எய்ட்ஸ்டால். அங்கிருந்து ஏறினால் கழுகுப் பாதை. 1955 இல் திறந்த பாதை. மேலே ஒரு வளைவில் நின்று பார்த்தால் கெய்ராங்கர் கடல்நீரேரி கீழே பச்சையாகக் கிடக்கும், ஏழு சகோதரிகள் அருவியும் தெரியும். 2005 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள இடம். கீழே போக 11 கொண்டை ஊசி வளைவுகள், பத்து வீதச் சரிவு.

அங்கேதான் நான் பிழை விட்டேன். மின்காரில் கால் எடுத்தால் கார் தானாக மெதுவாகும். மோட்டரே இழுத்துப் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் நாலாம் கியரில் விட்டுவிட்டுக் காலை எடுத்தேன். வொல்வோ மெதுவாகவில்லை, வேகம் எடுத்தது. உடனே பிறேக்கை மிதித்தேன், வளைவு, பிறகும் மிதித்தேன், இன்னொரு வளைவு. ஐந்தாவது வளைவில் எரிந்த ரப்பர் மாதிரி ஒரு மணம். சின்னவள் மூக்கைப் பொத்தினாள்.

“பிள்ளை, உதில ஓரம் கட்டு,” என்றார் அப்பா. சத்தம் உயரவில்லை.

நிப்பாட்டினேன். முன் சில்லுப் பக்கம் மெல்லிசாகப் புகை. என் கை நடுங்கியது. பின்னால் இரண்டு பிள்ளைகள். அப்பா இறங்கிச் சுற்றிப் பார்த்தார். தண்ணி ஊற்றப் போன மூத்தவனைத் தடுத்தார். “ஊத்தாதை அப்பன். சூட்டில இருக்கிற டிஸ்கில தண்ணி ஊத்தினால் வளைஞ்சுபோம். தானா ஆறட்டும்.” அரை மணித்தியாலம் நின்றோம். அந்த நேரம் பேரனைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். பிறேக் ஒயில் கொதித்தால் அதற்குள் ஆவிக் குமிழ் வரும், குமிழ் நசியும், அப்போது பெடல் சும்மா உள்ளே போகும், கார் நிற்காது. பழைய ஒயிலில் தண்ணி ஊறி இருக்கும், அது இன்னும் கெதியாய்க் கொதிக்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாற்ற வேண்டும். “நான் போன மாசம்தான் மாத்தினனான். இல்லாட்டி இண்டைக்கு வேற கதை.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏற எந்தக் கியர் வேணுமோ, அதே கியரில இறங்கு. எஞ்சின் பிடிக்கும். பிறேக் உதவிக்குத்தான்.”

மிச்ச ஆறு வளைவையும் இரண்டாம் கியரில் இறங்கினேன். எஞ்சின் சத்தம் போட்டது, ஆனால் கார் என் கையில் நின்றது. இந்தக் கார் பத்து மீற்றருக்குள் வட்டமடிக்கும், அதனால் கொண்டை ஊசியில் பெரிய பஸ்கள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நிற்க நாங்கள் ஒரே திருப்பில் போனோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கதவுப் பிடியில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்ததை மட்டும் கண்டேன்.

*

கெய்ராங்கரில் கடல் மட்டம். அங்கிருந்து திரும்ப ஏற வேண்டும், ஆயிரம் மீற்றருக்கு மேல். 1889 இல் போட்ட பாதை. நடுவழியில் சூட்டு மானி முள் மேலே போகத் தொடங்கியது. அப்பா கையை நீட்டி ஹீற்றரை முழுதாகப் போட்டார். ஜூன் மாதம், வெயில், உள்ளே அனல் காற்று. பிள்ளைகள் கத்தினார்கள். ஹீற்றரும் சின்ன றேடியேற்றர் மாதிரித்தான், எஞ்சின் சூட்டை வெளியே எடுக்கும் என்று அப்பா சொன்னார். பத்து நிமிஷத்தில் முள் இறங்கியது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, வேர்க்க வேர்க்க, பனி படிந்த ஏரிக்கரையால் போனோம்.

“இதெல்லாம் எங்கே படிச்சனீங்கள் அம்மப்பா?” என்று மூத்தவன் கேட்டான்.

அப்போதுதான் ஒஸ்ரின் ஏ40 கதை வந்தது. யாழ்ப்பாணத்தில் அப்பாவின் மாமா ஒரு ஏ40 வைத்து ஹயருக்கு ஓடினவர். கலியாணம், செத்தவீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் ஊருக்கு அந்தக் கார்தான். அப்பா பள்ளி விட்டு வந்து அதைக் கழுவுவார், பிளக் கழற்றித் துடைப்பார். பதினாறு வயதில் பனங்காணிக்குள் ஓடிப் பழகினார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடையாது. அப்போது அந்த ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். புகை கண்ணை எரிக்கும். ஆனால் ஓடும். “புதுக் கார் எண்டால் ஓடியிராது. பழசெண்டபடியால்தான் ஓடினது. தன்ர கையால திறந்து பாத்துச் சரி பண்ணக் கூடிய சாமான் எண்டால் சனம் எப்பிடியும் ஓட்டும்.” மாமாவின் கடிதத்தில் இதையெல்லாம் வாசித்த காலத்தில் அப்பா இங்கே வொல்வோவுக்கு முழு டாங்கி பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கும்போது ஒவ்வொரு தரமும் மாமாவை நினைப்பாராம்.

இந்தக் கதை எனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் மகளாய் இருக்கிறேன்.

*

க்ரோட்லி என்ற இடம் 15 ஆம் இலக்க வீதியில் இருக்கிறது. ஸ்ட்ரீனுக்குப் போகிற எல்லோரும் அதில் நேரே போய், மூன்று சுரங்கங்களுக்குள்ளால் மலையைக் கடந்துவிடுவார்கள். 70களின் கடைசியில் அந்தச் சுரங்கங்கள் வந்த பிறகு பழைய பாதைக்கு வேலை இல்லாமல் போனது. 27 கிலோமீற்றர். இப்போது அது நோர்வேயின் 18 தேசிய எழில் வீதிகளில் ஒன்று. பனிக்காலம் முழுக்கப் பூட்டு. பெரும்பாலும் ஜூன் தொடக்கம் ஒக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

அந்தத் திருப்பத்தில் நான் சிக்னல் போட முதலே அப்பா, “இதால,” என்றார்.

பாதை ஒரு காரும் இன்னொரு காரும் பார்த்துப் பார்த்து விலகக்கூடிய அகலம்தான். சில இடத்தில் சரளை. இரண்டு பக்கமும் கல்லும் பாசியும் பனித் திட்டும் உறைந்து விலகும் ஏரிகளும். ஒரு மரம் இல்லை. 30, 40 வேகத்துக்கு மேல் போக மனம் வராது. ஜூன் மாதத்தில் டீசேர்ட்டோடு ஆட்கள் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள், அங்கே ஒரு கோடைப் பனிச்சறுக்கு இடம் இருக்கிறது. கண்ணாடி திறந்திருந்தது. சரளை ரயருக்குள் நொறுங்குகிற சத்தமும் எங்கேயோ தண்ணி ஓடுகிற சத்தமும் உள்ளே வந்தன. வேகமாய் ஓடினால் இதில் ஒன்றும் கேட்காது.

இந்தப் பாதை 1894 இல் முடிந்தது. பத்து வருஷத்துக்கும் மேலான வேலை, முழுக்கக் கைவேலை. நோர்வேக்காரரும் சுவீடன்காரரும் கூலிக்கு வந்து கல் உடைத்துப் போட்டார்கள். மேற்குப் பக்கம் இறங்குகையில் பாதை ஓரத்தில் கற்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள், பல்லு மாதிரி. காரோ குதிரை வண்டியோ கீழே விழாமல் இருக்க. பாதையைத் தாங்குகிற மதில்களும் கல்லுக்கு மேல் கல்லு வைத்துக் கட்டினதுதான். கோடை தொடங்கும்போது பாதையில் கிடக்கும் பனியையும் பல பத்தாண்டுகள் ஆட்கள் சவளால்தான் வெட்டி எடுத்தார்கள்.

ஒரு ஏரிக்கரையில் அப்பா நிப்பாட்டச் சொன்னார். இறங்கிப் போய் ஒரு ஓரக் கல்லில் கை வைத்து நின்றார். பிள்ளைகள் பனித் திட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

“அப்பா, நீங்கள் இங்க முதல் வந்தனீங்கள்தானே?”

“ஓம். தொண்ணூற்றைஞ்சில. புரட்டாதி.”

1995 புரட்டாதியில் அப்பாச்சி யாழ்ப்பாணத்தில் செத்துப்போனது எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பத்து வயது. செய்தி கொழும்பு வழியாக மூன்று கிழமை பிந்தி வந்தது. வீட்டில் ஒரு படம் வைத்து விளக்கு ஏற்றியது ஞாபகம். அப்பா அழுதது ஞாபகம் இல்லை. அடுத்த நாளும் வேலைக்குப் போனார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

“வேலைக்கெண்டுதான் வெளிக்கிட்டனான்,” என்றார். “தொழிற்சாலை வாசலில காரை நிப்பாட்ட மனம் வரேல்லை. அப்பிடியே ஓடினன். எங்க போறதெண்டு தெரியாது. போட்டைப் பாத்துப் பாத்துத் திருப்பினன். இதில வந்து சேந்தன். மெல்லிசா முதல் பனி கொட்டினது. ஒருத்தரும் இல்லை. இந்தக் காருக்குள்ள இருந்து அழுதன். வீட்டில அழ ஏலாது, நீங்கள் சின்னப் பிள்ளையள். கொம்மாவும் பயந்திருப்பா.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “இந்தக் கல்லுகளைப் பாத்தன். ஆரோ ஒருத்தன் தன்ர ஊரை விட்டு வந்து, இந்தக் குளிரில, இதைத் தூக்கி வைச்சிருக்கிறான். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பா. அண்டைக்கு எனக்கு அது ஆறுதலா இருந்தது. திரும்பிப் போய்ப் பின்னேர வேலைக்கு நிண்டன்,” என்றார்.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

“ஒரு மாசத்தில வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. அம்மா அதைப் பாக்காமல் போயிட்டா. அது ஒண்டுதான்.”

சின்னவள் பனி உருண்டையோடு ஓடி வந்து அம்மப்பாவின் கழுத்துக்குள் போட்டாள். அவர் துள்ளிக் குதித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் திரும்பக் கேட்கவில்லை.

கீழே விதேசேத்தரில் அருவிச் சத்தத்துக்குள் இருந்து இடியப்பம் சாப்பிட்டோம். டிக்கிக் கதவை மேலே தூக்கிவிட்டால் அது ஒரு கூரை. இரண்டு பிள்ளைகளும் டிக்கி விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இருந்தார்கள். சின்னவள் அந்தப் பின்பக்கம் பார்க்கும் சீற்றை விரித்து, நின்ற காரில்தானே என்று, அதில் ஏறி இருந்துகொண்டாள். “அம்மா, இதில இருந்தால் வந்த பாதை முழுக்கத் தெரியுது,” என்றாள்.

“ஓம்,” என்றேன். “மீன் மணக்குதா?”

மோந்து பார்த்தாள். “கொஞ்சம்.”

*

காரை விற்கவில்லை. ஸ்ட்ரீன், ஹெலசில்ட் வழியாக இரவு வீட்டுக்கு வந்தபோது அப்பாவே கேட்டார்: “என்ன, விப்பமா?” மூத்தவன்தான் முதலில் வேண்டாம் என்றான். நோர்வேயில் கார்ப் பெயர் மாற்றம் இணையத்திலேயே நடக்கும், விற்பவரும் வாங்குபவரும் உறுதிப்படுத்தினால் சரி. அடுத்த ஞாயிறு அப்பா தன் கைபேசியில் கண்ணாடியைப் போட்டுப் போட்டுப் பார்த்து அமத்தினார். இப்போது வொல்வோ என் பெயரில். அம்மா கேட்ட ஒரே கேள்வி, “அந்த மணத்துக்கு என்ன செய்யப் போறாய்?”

தம்பிக்கு இன்னும் சம்மதம் இல்லை. காசைக் கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரி. ரயர், பெல்ற், துரு என்று ஒவ்வொரு வருஷமும் செலவு வரும். பின் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கீலுக்குள்ளால் போகிற வயர்கள் அறுந்து, இலக்கத்தகட்டு லைற் அடிக்கடி செத்துப்போகும். ஆனால் அந்த வயரை ஒட்டுவதற்கு இப்போது ஒவ்வொரு இரண்டாம் சனியும் மூத்தவன் அம்மப்பா வீட்டுக்குப் போகிறான். இரண்டு மணித்தியாலம் தமிழில் கதைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘பொல்லாத நட்’, ‘கொஞ்சம் தளர்த்து’, ‘மெல்லமா, மெல்லமா’ இதெல்லாம் அம்மப்பாவுக்கு நோர்வே மொழியில் வராது. எவ்வளவோ சனிக்கிழமைகள் நான் கெஞ்சியும் வராத தமிழ் கையில் ஒயிலோடு வருகிறது. எங்கள் எல்லோர் வீட்டிலும் கராஜில் ஒரு வொல்வோ இல்லைத்தான். ஆனால் அப்பாவின் கை பழகின ஏதோ ஒன்று இருக்கும். தையல் மெஷின், வானொலிப் பெட்டி, தோட்டம். விற்க முதல், எறிய முதல், அதை ஒருக்கா அவரோடு சேர்ந்து ஓட்டிப் பாருங்கள்.

நீங்களும் பழைய காரில் மலைப் பாதைக்குப் போக நினைத்தால், அப்பா எழுதித் தரச் சொன்னவை இவை. பிறேக் ஒயில் எப்போது மாற்றினது என்று பாருங்கள். ரயரில் பூ இருக்கிறது என்று நம்ப வேண்டாம், பக்கத்தில் உள்ள கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டு 23 ஆம் கிழமை செய்த ரயர். எஞ்சின் சூடாய் இருக்கும்போது றேடியேற்றர் தண்ணி மூடியைத் திறக்கவே கூடாது. ஐந்து லீற்றர் தண்ணி, ஒரு ரோர்ச், ஸ்பெயார் ரயரில் காற்று. நோர்வே மலைப் பாதை திறந்திருக்கிறதா என்று 175 க்கு அடித்துக் கேட்கலாம். கடைசியாக, ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

ஆவணி கடைசியில் திரும்பவும் போகிறோம். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறா, வளைவு குறைந்த பக்கத்தால் போனால்.